பேச்சு காதில் விழுகிறதா, அத்தை?

டெலிவிஷன் பெட்டி வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வருகிறது. பெட்டி என்று சொல்வதே இப்போது பொருந்தாது. சுவரில் மாட்டிய பலகை என்றுதான் சொல்ல வேண்டும். 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமாயிற்று. அதற்குப் பின் நம் வீடுகளில் வந்து குடியேறிய சாலிடேர், டயனோரா பெட்டிகளைப் பாட்டிமார்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்தக் கனத்தில் ஒரு பிரயோஜனமும் இருந்தது. உள்ளே காற்றோட்டமாக இடம் இருந்தது; நம் முகத்தைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கரும் இருந்தது. படம் சுமார்தான், பேச்சு கணீர் என்று கேட்கும். இன்றைக்குப் படம் பளிங்கு மாதிரி தெரிகிறது. பேச்சோ, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல் இருக்கிறது.

இதற்குக் காரணம் சுலபமானது. ஸ்பீக்கர் என்பது ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள், சுற்றிலும் ஒரு காந்தம். 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அமைப்புத்தான் இன்று வரை பெரும்பாலும் நடந்து வருகிறது. கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. தள்ளிய காற்று நம் காதுக்கு வந்து சப்தமாகிறது. கனமான சப்தம் வேண்டுமானால் கூம்பு அகலமாக இருக்க வேண்டும்; அதன் பின்னால் காற்றுக்கு இடமும் வேண்டும். இரண்டு மூன்று அங்குலப் பலகையில் இதற்கெல்லாம் எங்கே போவது? ஆகவே சின்னஞ்சிறு ஸ்பீக்கர்களைக் கீழ் விளிம்பிலோ முதுகிலோ ஒளித்து வைத்துவிடுகிறார்கள். சப்தம் தரையிலும் சுவரிலும் முட்டிக்கொண்டு, சுற்றி வளைத்து நம்மிடம் வந்து சேருகிறது.

எல்லா ஊருக்கும் உள்ள தொல்லைதான் இது. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடித்தனங்களில் இது இரட்டிப்பாகிவிடுகிறது.

ஓசூர் என்றதும் ஒரு காலத்தில் குளிர்ச்சியும் ரோஜாவும் சந்திரசூடேசுவரர் மலையும்தான் ஞாபகத்துக்கு வரும். இப்போது சிப்காட் தொழிற்பேட்டைதான் முதலில் வருகிறது. லாரி செய்யும் அசோக் லேலண்டு, மொபெட் செய்த டி.வி.எஸ்., கைக்கடிகாரம் செய்யும் டைட்டன் எல்லாம் எண்பதுகளுக்குள் இங்கே வந்துவிட்டன. பின்னால் வந்த கம்பெனிகளுக்குக் கணக்கில்லை. 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று செல்போன் உறுப்புகளும் மின்சார ஸ்கூட்டரும் செய்கிற மாவட்டமாகிவிட்டது. ஆலைகள் இருந்தால் ஷிப்டும் உண்டு. ஷிப்டு இருந்தால் பட்டப்பகலில் தூங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் தூங்குவதோ, வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். வெறும் சிமெண்டும் டைல்ஸுமாக, தும்மினால்கூட எதிரொலிக்கும் அறைகள்.

அப்படி ஒரு குடித்தனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காலை ஏழு மணிக்கு இரவு ஷிப்டு முடித்து வந்த வீட்டுக்காரர் உள் அறையில் தூங்குகிறார். கூடத்தில் எழுபது வயது மாமியார். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கும் மருமகள். எதிரே பகல் நேரத் தொடர்.

"என்னம்மா சொல்றான் அவன்?"

"பணம் தர மாட்டானாம், அத்தை."

"மணம் பண்ணிக்க மாட்டானா? அடப் பாவி! அந்தப் பொண்ணு கதி என்ன ஆகிறது?"

"மணம் இல்லை அத்தை, பணம்! கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, உள்ளே அவர் தூங்கறார்."

"எனக்கு ஒண்ணுமே விழலையே. கொஞ்சம் சத்தமாத்தான் வையேன்."

மருமகள் சத்தத்தைக் கூட்டுகிறாள். கூட்டிய நிமிஷத்தில் கதாநாயகி மயங்கி விழுகிறாள். மேளமும் வயலினும் சேர்ந்து டமார் என்று வெடிக்கின்றன. உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்கிறது. அது சாதாரண இருமல் அல்ல என்று மருமகளுக்குத் தெரியும். சட்டென்று குறைக்கிறாள். மறுபடியும், "என்னம்மா சொல்றான்?"

இதில் யார் மேல் குற்றம்? மாமியார் மேல் இல்லை. வயதாக ஆகக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். நம் பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துக்கள் தாழ்ந்த ஒலி, பலமான ஒலி. க, ச, ட, த, ப போன்ற எழுத்துக்கள் மெலிந்து உயர்ந்த ஒலி. ஒரு கணத்தில் வந்து மறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இவற்றை வல்லினம் என்று படித்தோம். இலக்கணத்தில் வல்லினம், காற்றிலோ இவைதான் நோஞ்சான்! ஆனால் பணம், குணம், கணம், மணம் என்று சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுவது இந்த எழுத்துக்கள்தான். இவை பின்னணி சங்கீதத்தில் மூழ்கிப் போனால், சத்தம் கேட்கும், சங்கதி விளங்காது. சத்தத்தை மட்டும் கூட்டினால் பேச்சோடு மேளமும் சேர்ந்துதானே கூடும்? எனவே, சாம்பாரில் உப்புப் போதவில்லை என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக் கொடுத்த கதையாகிவிடுகிறது.

இந்தச் சமயத்தில்தான் கடைக்காரர்கள் சவுண்ட்பாரைக் காட்டுகிறார்கள். டி.வி.க்குக் கீழே நீளவாட்டில் வைக்கும் ஒரு ஒலிபெருக்கி. ஒரு கம்பத்துக்குள் பல ஸ்பீக்கர்கள், எல்லாம் நம்மைப் பார்த்தபடி. தொண்ணூறுகளின் கடைசியில் மேல்நாட்டில் தோன்றிய சாமான். 2004-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி நாற்பது சிறு ஸ்பீக்கர்களை ஒரே பலகையில் பதித்து, சப்தத்தைச் சுவர்களில் மோதவிட்டு, பின்னாலிருந்து வருவது போல் காதை ஏமாற்றிக் காட்டிற்று. இன்று சில ஆயிரம் ரூபாயிலிருந்து லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. போனஸ் கைக்கு வந்ததும் வீட்டில் விவாதம் ஆரம்பமாகிவிடும். "பக்கத்து வீட்டில் 400 வாட்டாம். நாம் 500 வாங்குவோம்" என்பார் வீட்டுக்காரர்.

சகோதரிகள் இந்த இடத்தில் கொஞ்சம் குறுக்கிட வேண்டும்.

வாட்ஸ் என்பது மயக்கும் கணக்கு. வாட்ஸை இரண்டு பங்காக்கினால் சத்தமும் இரண்டு பங்காகும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே. சத்தம் இரண்டு பங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்துப் பங்கு வாட்ஸ் வேண்டும். அதுவும் அட்டைப் பெட்டியில் போடுவது எந்த வாட்ஸ்? பழைய டேப்ரிக்கார்டர் நாட்களில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதுவார்கள். கண நேரம் தாங்கக்கூடிய சக்தியைக் கூட்டிப் பெருக்கிச் சொன்ன கணக்கு அது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். கூடத்தில் உட்கார்ந்து தொடர் பார்க்கிறபோது ஸ்பீக்கர் செலவழிப்பது ஒரு வாட்டோ இரண்டு வாட்டோதான். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே ஊரில் லாரியும் செய்கிறார்கள், 1980-ல் டி.வி.எஸ். 50-ம் செய்தார்கள். காய்கறி வாங்கச் சந்துக்குள் போகிறவர் லாரியிலா போவார்?

வாட்ஸை விட்டுவிட்டு அடுத்த எண்ணைப் பாருங்கள். 2.0, 2.1, 3.1, 5.1 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பார்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பது எத்தனை திசைச் சப்தம் என்பது. புள்ளிக்குப் பின்னால் 1 என்றிருந்தால், தாழ்ந்த சப்தத்துக்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டு. அதற்கு சப்வூஃபர் என்று பெயர். 2 என்றால் இடம், வலம் மட்டும். 3 என்றால் நடுவில் ஒன்று. இந்த நடு ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டியது! சினிமாவில் ஆட்கள் பேசும் பேச்சு பெரும்பாலும் நடு வழியில்தான் பதிவாகிறது. அதற்கென்று ஒரு தனி வாய் இருந்தால், சங்கீதம் இரு பக்கமும் ஒதுங்கி நிற்க, பேச்சு நடுவிலிருந்து நேரே வரும். பேச்சை மட்டும் தனியே உயர்த்தும் வசதியும் சிலவற்றில் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. டி.வி. சேனல்களில் வரும் நம் தொடர்கள் பெரும்பாலும் இரண்டு வழிச் சப்தமாகத்தான் வருகின்றன. ஐந்து திசையும் தனித்தனியாகக் கேட்பது ஓ.டி.டி. படங்களில்தான். தொடரைப் போட்டுவிட்டு, "பின் ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லையே" என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போவதில் பிரயோஜனமில்லை. அனுப்பாத சப்தம் எப்படி வரும்? தொடருக்கு உதவுவது "வாய்ஸ்" அல்லது "டயலாக்" என்று ரிமோட்டில் போட்டிருக்கும் பொத்தான். அதை அமுக்கினால், பேச்சு விளங்குவதற்கு வேண்டிய உயர்ந்த ஒலிகளைச் சற்றுத் தூக்கி, மேளத்தைச் சற்று அடக்கும். மாமியாருக்குப் பணம், பணமாகவே கேட்கும்.

இன்னொரு பொத்தான் "நைட்". பெயரைப் பார்த்து இரவுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். இரவு ஷிப்டுக்காரர் தூங்கும் பகலுக்கும் இதுதான். மெல்லிய பேச்சை உயர்த்தி, திடீர் வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி இரண்டையும் சமமாக்குவது இதன் வேலை. கதாநாயகி எத்தனை தடவை மயங்கி விழுந்தாலும் உள் அறையில் இருமல் கேட்காது.

சப்வூஃபர் விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கீச்சுச் சப்தத்தைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த "தும் தும்" சப்தத்தைத் தடுக்காது. அது சுவருக்குள் நுழைந்து பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். நம் வீட்டில் படம் பார்க்கிற சந்தோஷம். பக்கத்து வீட்டில் தூக்கம் போன எரிச்சல். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று 2000-ம் வருஷத்துச் சப்த விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. சட்டம் இருக்கட்டும், காலையில் தண்ணீர்க் குழாயடியில் அந்த வீட்டம்மாளின் முகத்தில் விழிக்க வேண்டுமே! சொந்த வீடு, தனி வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். சேர்ந்த சுவர் என்றால், சப்வூஃபரின் ஒலியைத் தனியே குறைக்கவோ நிறுத்தவோ ரிமோட்டில் வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதைச் சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் கூடும். மூலையிலிருந்து நகர்த்தினால் குறையும்.

அட்மாஸ் என்ற சொல்லும் இப்போது அட்டையில் பெரிதாக அச்சாகிறது. 2012-ல் தியேட்டருக்கு வந்து, 2014-ல் வீடுகளுக்குள் நுழைந்த டால்பி கம்பெனியின் ஏற்பாடு. மழை பெய்தால் தலைக்கு மேலே பெய்வது போலக் கேட்க வேண்டும் என்பது இதன் உத்தேசம். 5.1.2 என்று மூன்றாவது எண் இருந்தால், மேல் நோக்கிப் பாடும் ஸ்பீக்கர்கள் இரண்டு உண்டு என்று அர்த்தம். சப்தம் கூரையில் பட்டுக் கீழே இறங்க வேண்டும். அதற்குக் கூரை தட்டையாக, எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தால் நல்லது. சரிவான ஓட்டு வீட்டிலும் சிமெண்டு ஷீட் கூரையிலும் மழைச் சப்தம் எங்கெங்கோ தெறித்துப் போகும். நிஜ மழை பெய்தாலோ, ஷீட் கூரைக்கு அட்மாஸே தேவையில்லை.

சரி, எதை வாங்குவது?

சிறு கூடம், இரண்டு மூன்று பேர், முக்கியமாகப் பேச்சுக் கேட்க வேண்டும் என்றால், சப்வூஃபர் இல்லாத ஒற்றைக் கம்பமே போதும். போஸ் கம்பெனியின் டி.வி. ஸ்பீக்கர் என்ற மாடல் இரண்டடி நீளம்கூட இல்லை. பேச்சுக்கென்று தனிப் பொத்தான் உண்டு. விலைதான் உருவத்துக்கு மீறியது. ஜீப்ரானிக்ஸ், போட் போன்ற நம் நாட்டுப் பெயர்களில் இதே உருவத்தில் சில ஆயிரங்களுக்குள் கிடைக்கும். ஆனால் மலிவானவற்றில் சிலவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. துளையே இராது. அதைக் கேட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறில் வீடு முழுக்க உட்கார்ந்து படம் பார்க்கிற குடும்பத்துக்கு சோனியின் எச்.டி. எஸ்20ஆர் போன்ற 5.1 வகை ஏற்றது. 400 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதை நாம் பொருட்படுத்த வேண்டாம். முன் கம்பத்திலேயே நடு ஸ்பீக்கர் இருப்பதுதான் அதில் விசேஷம். பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் கூடத்தைச் சுற்றி ஒயர் இழுக்க வேண்டும். வீடு பெருக்குகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. ஒயர் வேண்டாம், அட்மாஸ் வேண்டும் என்கிறவர்களுக்கு அதற்கு மேலே பல படிகள் இருக்கின்றன. படிக்குப் படி விலை குதிக்கிறது. என்னைக் கேட்டால், இருவழிச் சப்தமும் பெரிய சப்வூஃபரும் உள்ள 2.1-ஐவிட, அளவான விலையில் நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 கிடைத்தால் அதையே எடுப்பேன். மாடல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். வகையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

டி.வி.யுடன் இணைப்பது எப்படி என்பதையும் கவனிக்க வேண்டும். டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் பக்கத்தில் ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். 2009-க்குப் பின் வந்த ஏற்பாடு இது. அந்தத் துளையில் செருகினால் பெரும்பாலும் டி.வி. ரிமோட்டே சவுண்ட்பாரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும். மாமியார் இரண்டு ரிமோட்டுடன் திண்டாட வேண்டாம். அது இல்லாத பழைய டி.வி. என்றால் ஆப்டிகல் என்ற ஒளி ஒயர் உண்டு. சப்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் ரிமோட் அநேகமாக இரண்டாகும். புளூடூத் சௌகரியம்தான். ஆனால் சிலவற்றில் சப்தம் ஒரு கணம் பிந்தி வரும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசுகிறார்கள். மொழிமாற்றுப் படத்தில் உதடு ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமும் போவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். அதற்காகத் தமிழ்ச் செய்தியையும் அப்படிப் பார்க்க வேண்டுமா?

பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டி எஸ்.பி. ரோடு கடைத்தெருவுக்குப் போனால் மலிவாகக் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வரி ஒன்றேதான். விலை குறைந்தால் அது கடைக்காரரின் தள்ளுபடி. ரசீதும் முத்திரை குத்திய வாரண்டி கார்டும் இல்லாத தள்ளுபடியாக இருந்தால் வேண்டாம். ரிப்பேர் என்றால் ஓசூரிலேயே பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கிற விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டுக் காட்டுவார். தரை அதிரும், வீட்டுக்காரர் முகம் மலரும். "அது இருக்கட்டும், ஒரு செய்தியைப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு, சங்கீதத்துக்கு நடுவே யாராவது மெல்லப் பேசுகிற காட்சி ஒன்று. சத்தத்தை மிகவும் குறைத்து வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் நான்கடி தள்ளி நின்று கேளுங்கள். அப்போதும் ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் அதுதான் உங்கள் வீட்டுக்கு ஏற்றது. முடிந்தால் மாமியாரையே அழைத்துப் போவது உத்தமம். கேட்கப்போகிற காது அவருடையதுதானே?

புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் செய்து பார்க்கக் காசில்லாத காரியங்கள் சில உண்டு. டி.வி.யின் சப்த அமைப்பிலேயே "கிளியர் வாய்ஸ்" என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எதிரொலிக்கும் அறையில் ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை, தரையில் ஒரு ஜமக்காளம். இவ்வளவிலேயே பேச்சுத் தெளிவது தெரியும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், அவருக்கு ஒயரில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுப்பதே குறைந்த செலவு. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினாலும், "என்ன, என்ன?" என்று கேட்கிறார் என்றால், போக வேண்டிய இடம் எலெக்ட்ரானிக்ஸ் கடை அல்ல, காது டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் மற்றதை யோசிக்கலாம்.

வாங்குவதென்று தீர்மானித்துவிட்டால் முதலில் அளவு எடுங்கள். 43 அங்குல டி.வி.யின் அகலம் சுமார் 96 சென்டிமீட்டர். கம்பம் அதற்குள் அடங்க வேண்டும். மேஜை மேல் நிற்கும் டி.வி. என்றால், கம்பத்தின் உயரம் டி.வி.யின் அடி விளிம்பை மறைக்கக் கூடாது. மறைத்தால் ரிமோட்டுக்கு டி.வி. கீழ்ப்படியாது. ஷோகேஸ் பொந்துக்குள் திணிக்காமல், பலகையின் முன் விளிம்போடு ஒட்டி வையுங்கள். பிறகு ரிமோட்டை எடுத்து, அந்த "வாய்ஸ்" பொத்தானின் மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, மாமியார் கையில் கொடுத்துவிடலாம்.